ஸீஜ் முதல் திரை வரை: அட்டவணை வாசிப்பின் வரலாறு

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவுப் பங்களிப்பு பற்றி எமது சஞ்சிகைகளில் வரும் கட்டுரைகளுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அல்குவாரிஸ்மியின் பெயர் வரும். இப்னு ஸீனா வருவார். இப்னு ஹைதமின் ஒளியியல் வரும். கடைசியில், ஐரோப்பா இவர்களிடம்தான் பாடம் கேட்டது என்று முடியும். அது பிழையென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வானியல் அறிஞர்களின் நூல்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வசனமல்ல. பக்கம் பக்கமாகக் கோடு கீறி, கட்டம் கட்டமாக எண் நிரப்பிய அட்டவணைகள். இவற்றைப் பற்றி யாரும் ஒரு பந்தி எழுதிப் பெரிதாகக் கண்டதில்லை.

நான் தமிழ் படிப்பிக்கின்ற ஆசிரியன். எனக்கும் அட்டவணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வாசிப்பு என்பது எனது தொழில். கதையை ஒரு விதமாக வாசிக்கிறோம், கவிதையை இன்னொரு விதமாக வாசிக்கிறோம். அட்டவணையை இந்த இரண்டு விதமாகவும் வாசிப்பதில்லை. அதற்குள் ஒன்றைத் தேடுகிறோம். தேடி வருகிறவருக்கு ஓர் எண் போதும். அந்த ஒன்றை அவர் பிழையில்லாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்காக அட்டவணையைச் செய்தவர் எவ்வளவு சிரமத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பதே அட்டவணையின் வரலாறு. அந்த வரலாற்றின் நடுவில் பள்ளிவாசல் இருக்கிறது.

களிமண்ணும் தறியும்

நிரை, நிரல் என்ற சொற்களைப் பாடசாலையில் எல்லோரும் படித்திருப்போம். படுக்கையாகப் போவது நிரை, நிமிர்ந்து நிற்பது நிரல். இந்த இரண்டையும் சேர்த்து எண்களை அடுக்கும் பழக்கம் மிகப் பழையது. இன்றைய தென் ஈராக்கைச் சேர்ந்த, ஏறத்தாழ 3,800 ஆண்டு பழமையான களிமண் பலகையொன்று நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பிளிம்டன் 322 என்பது அதன் இலக்கம். செங்கோண முக்கோணங்களோடு தொடர்புடைய எண்கள் அதில் பதிந்திருக்கின்றன. எஞ்சியுள்ள பகுதியில் 4 நிரல்கள், 15 நிரைகள். ஒவ்வொரு நிரலுக்கும் மேலே தலைப்பு இருக்கிறது. கடைசி நிரலில் 1 முதல் 15 வரை வரிசை இலக்கம் இருக்கிறது. கணக்குக்கு அந்த வரிசை இலக்கம் தேவையில்லை. வாசிக்கிறவரின் கண் வழுக்கி விடாமலிருக்கத்தான் அது.

அரபு, பாரசீக மொழிகளில் வானியல் அட்டவணை நூலுக்கு ‘ஸீஜ்’ என்று பெயர். பழைய பாரசீகச் சொல் ஒன்றிலிருந்து இது வந்தது என்றும், அச்சொல் நூலை, அதாவது தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைக் குறித்தது என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். பக்கத்தில் நெருக்கமாகக் கீறிய சமாந்தரக் கோடுகள் அவர்களுக்குத் தறியை நினைவூட்டியிருக்கின்றன. மருதமுனையில் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாவு நேராக இல்லாவிட்டால் சாரன் சரியாக வராது. கோடு நேராக இல்லாவிட்டால் 12ஆம் திகதியின் எண்ணை 13ஆம் திகதிக்கு எடுத்து விடுவோம்.

ஸீஜ் நூல்களில் எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. கிரேக்கத் தொலமியின் அட்டவணைகள் முன்னே இருந்தன. எட்டாம் நூற்றாண்டில் கலீபா மன்ஸூரின் பக்தாதுக்கு இந்திய சித்தாந்த வானியல் வந்தது. அல்குவாரிஸ்மி தன்னுடைய ஸீஜுக்கு இட்ட பெயரில் உள்ள ‘ஸிந்துஹிந்த்’ அந்தச் சித்தாந்தம்தான். அந்த நூலின் அரபு மூலம் தொலைந்து விட்டது. 1126இல் இங்கிலாந்துக்காரரான பாத் நகர அடிலார்ட் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு மிஞ்சியிருக்கிறது. எட்வர்ட் கென்னடி 1956இல் ஸீஜ் நூல்களைக் கணக்கெடுத்து வெளியிட்டபோது நூற்றுக்கும் மேற்பட்டவை பட்டியலில் சேர்ந்தன. முஸ்லிம் உலகம் இத்துறையில் எவ்வளவு உழைத்தது என்பதற்கு அந்தத் தொகையே சான்று.

ஜீமின் வால்

அன்றைய வானியலாளர்கள் அட்டவணைகளில் எழுதியது பெரும்பாலும் இலக்கங்களையல்ல, எழுத்துகளை. அப்ஜத் முறைப்படி அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4 என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெறுமானம். எமது ஆக்கள் கடைக் கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் 786 என்று எழுதுவார்களே, அந்த எண் பிறந்ததும் இந்த முறையில்தான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஜீம் 3, ஹா 8. இரண்டுக்கும் உடம்பு ஒன்று. ஜீமுக்கு உள்ளே ஒரு புள்ளி, ஹாவுக்குப் புள்ளி இல்லை. அட்டவணையில் ஆயிரக்கணக்கான எழுத்துகளை எழுதுகிற ஒருவர் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்துக்கொண்டிருக்க மாட்டார். புள்ளி போனால் 13 எது, 18 எது? அதனால் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். அட்டவணையில் 3 வந்தால் ஜீமின் வாலை வெட்டி விடுவது; 8 வந்தால் ஹாவின் வாலை முழுதாக விடுவது. புள்ளி இல்லாமலே வேறுபாடு தெரியும். அப்படியும் பிரதி எடுத்தவர்களின் கை சறுக்கிய இடங்கள் உண்டு. 10ஐக் குறிக்கும் யாவும் 50ஐக் குறிக்கும் நூனும் சொல்லின் தொடக்கத்தில் புள்ளியால் மட்டுமே வேறுபடுகின்றன. 14ஐ 54 ஆக்கிய பிரதிகளை இன்றைய ஆய்வாளர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள்.

பூச்சியத்துக்கும் தனிக் குறி வைத்திருந்தார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால், பெறுமானம் பூச்சியமா, எழுதியவர் மறந்து விட்டாரா என்று வாசகர் மயங்குவார். புள்ளிப் பட்டியல் தயாரிக்கிற ஆசிரியர்களுக்கு இது நன்றாக விளங்கும். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கும் பூச்சியம் எடுத்த பிள்ளைக்கும் ஒரே வெற்றுக் கட்டத்தை விட்டால் சராசரியும் கெடும், பிள்ளையின் பெயரும் கெடும்.

எமது பழைய தமிழ் எண்களையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அம்முறையில் 100க்கு ௱ என்று ஒரே குறி போதும். 99 எழுத ௯௰௯ என்று மூன்று குறி வேண்டும். பெரிய எண் குட்டையாகவும் சிறிய எண் நீளமாகவும் நிற்கும். ஆகவே நிரலைப் பார்த்தவுடன் எது பெரிது என்று கண்ணால் பிடிக்க முடியாது. தசம முறையில் ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என்று வலப்பக்கமாக ஒட்டி எழுதினால், நீண்டு நிற்பது பெரிய எண் என்று வாசிக்காமலே தெரிந்து விடும். எண்களை வலப்பக்கம் ஒதுக்கி அடுக்குங்கள் என்று இன்றைய வடிவமைப்பாளர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பள்ளிவாசலின் கணக்கர்கள்

தொழுகை நேரங்கள் சூரியனோடு கட்டுப்பட்டவை. கொழும்பில் மஃரிப் நேரம் வருடம் முழுவதிலும் முக்கால் மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்கும். கெய்ரோவில் அந்த வித்தியாசம் இரண்டு மணித்தியாலம் வரை போகும். அங்கே குத்துமதிப்பு உதவாது. 13ஆம் நூற்றாண்டு தொடக்கம் எகிப்திலும் பின்னர் சிரியாவிலும் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்ற பதவி ஏற்பட்டது. நேரம் கணிப்பதுதான் அவருடைய வேலை.

கெய்ரோவில் பயன்பட்ட அட்டவணைத் தொகுதி ஏறத்தாழ 200 பக்கம். அதில் 30,000க்கு மேற்பட்ட எண்கள். அவற்றில் பலவற்றைக் கணித்தவர் 1009இல் காலமான இப்னு யூனுஸ் என்று கருதப்படுகிறது. சூரியன் ராசிச் சக்கரத்தில் எந்தப் பாகையில் நிற்கிறது என்று ஒரு புறம், அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று மறு புறம். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் நேரம் இருக்கும். இத்தொகுதி 19ஆம் நூற்றாண்டு வரை பாவனையில் இருந்தது.

திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் முவக்கித்தாக இருந்தவர் ஷம்சுத்தீன் அல்கலீலி. அவர் செய்த கிப்லா அட்டவணை எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் ஊரின் கிப்லாவைக் கணிப்பது கோள முக்கோணக் கணக்கு; சாதாரண இமாமால் முடிகிற காரியமல்ல. கலீலி என்ன செய்தார்? அகலாங்கு 10 பாகை முதல் 56 பாகை வரை ஒவ்வொரு பாகைக்கும், மக்காவிலிருந்து நெட்டாங்கு வித்தியாசம் 1 முதல் 60 வரை ஒவ்வொரு பாகைக்கும் விடையைக் கணித்துக் கட்டத்தில் போட்டு விட்டார். திமிஷ்குக்கென்று 33 பாகை 30 கலைக்கும் தனியாக ஒரு வரிசை சேர்த்தார். மொத்தம் 2,880 விடைகள். பெரும்பாலானவற்றில் பிழை ஓரிரு கலைக்கு மேல் இல்லை. எதிரியந்திரமும் இல்லை, கணிப்பானும் இல்லை. தனக்கு முகம் தெரியாத ஒரு மனிதர், எங்கோ ஓர் ஊரில் பள்ளிவாசலுக்கு அத்திவாரம் வெட்டும்போது கணக்குப் போடாமல் ஒரேயோர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இவ்வளவு உழைப்பு.

இதில் எமக்குரிய ஒரு செய்தியும் இருக்கிறது. அட்டவணை 10 பாகையில் தொடங்குகிறது. எமது தீவு தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை முழுவதும் 10 பாகைக்குக் கீழே கிடக்கிறது. நெட்டாங்கில் நாம் உள்ளே, அகலாங்கில் வெளியே. திமிஷ்கிலிருந்து பார்த்த பார்வை எமது வாசலுக்கு மிக அருகில் வந்து நின்று விட்டது. கலீலியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எந்த அட்டவணைக்கும் ஓர் விளிம்பு உண்டு. செய்தவர் யாரை மனத்தில் வைத்திருந்தார் என்பதை அந்த விளிம்பு சொல்லி விடும்.

நோயாளிக்கு ஓர் அட்டவணை

அட்டவணையை வானியலிலிருந்து எடுத்துப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான். அவர் முஸ்லிம் அல்லர்; 11ஆம் நூற்றாண்டின் அரபு மொழிக் கிறிஸ்தவ மருத்துவர். அவருடைய ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ உணவு, பானம், உறக்கம், உடற்பயிற்சி முதலானவற்றை 40 அட்டவணைகளில், அட்டவணைக்கு 7 பொருள் வீதம், 280 தலைப்புகளாகத் தருகிறது. ஒரு பொருளின் தன்மை என்ன, எது நல்ல வகை, நன்மை என்ன, தீமை என்ன, அந்தத் தீமைக்கு மாற்று என்ன என்று நிரல் நிரலாகப் பார்த்துக்கொண்டு போகலாம். பொதுமக்களுக்கு வேண்டியது அறிவின் பயனே, வாதங்களல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. ‘தக்வீம்’ என்பதே வானியலாளர் நாட்காட்டி அட்டவணைக்கு வைத்த பெயர். அவருக்குப் பின் வந்த இப்னு ஜஸ்லா 44 அட்டவணைகளில் 352 நோய்களை இதே பாணியில் அடக்கினார்.

இப்னு புத்லானின் நூல் 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில் லத்தீனுக்குப் போனது. ‘தக்வீம்’ அங்கே ‘தக்குயினும்’ ஆனது. இன்றைக்கும் இத்தாலிய மொழியில் குறிப்புப் புத்தகத்துக்கு ‘தக்குயினோ’ என்றுதான் பெயர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இத்தாலியப் பிரபுக்களுக்காக இதை அழகான ஓவியப் பிரதிகளாகச் செய்தபோது பக்கம் முழுவதும் படம் வந்தது. கீழே இரண்டு மூன்று வரி மட்டும் மிஞ்சியது. அட்டவணை போய் விட்டது. பார்க்க மிக அழகு. ஆனால் இரண்டு உணவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் பக்கம் புரட்டத்தான் வேண்டும். இந்தக் கதை பிறகும் ஒரு தடவை நடக்கப் போகிறது.

கண்ணின் களைப்பு

அச்சு வந்த பிறகு அட்டவணை பெருகியது. கடற்பயணம், காப்புறுதி, வரி எல்லாவற்றுக்கும் மடக்கை அட்டவணை தேவைப்பட்டது. எமது பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளுக்கு இன்றும் பாவிக்கிற அதே மடக்கை அட்டவணைதான்.

கணினியின் முன்னோடி என்று நாம் அறிந்த சார்ல்ஸ் பாபேஜ் 1827இல் 1 முதல் 108,000 வரையான எண்களுக்கு மடக்கை அட்டவணை வெளியிட்டார். எண்கள் சரியாக இருப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. வாசிக்கிற கண் களைக்காமல் இருக்க எந்த நிறத் தாள், எந்த நிற மை நல்லது என்று அறிய விரும்பினார். 1831இல் 151 விதமான நிறத் தாள்களில், 10 நிற மைகளில் மாதிரிப் பக்கங்களை அச்சிட்டு 21 தொகுதிகளாகக் கட்டினார். அச்சிட்டது ஒரேயொரு பிரதி. அது விற்பனைக்கல்ல, பரிசோதனைக்கு. கணிக்கிற இயந்திரமே விடையையும் பதிக்க வேண்டும், இடையில் எழுத்துக் கோப்பவரின் கை படக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கும் காரணம் அட்டவணைப் பிழைகள்தான்.

அச்சுக்கோப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. எழுத்துகளில் சில ஒடுக்கம், சில அகலம். இலக்கங்களை மட்டும் ஒரே அகலத்தில் வார்ப்பது ஈய அச்சில் பொது வழக்கமாக இருந்தது. 1உம் 8உம் ஒரே இடத்தைப் பிடித்தால்தான் நிரல் நேராக நிற்கும்.

திரைக்கு வந்த பிறகு

1979இல் டான் பிரிக்ளினும் பொப் ஃபிராங்ஸ்டனும் வெளியிட்ட விசிகல்க் என்ற விரிதாள் மென்பொருள் அட்டவணையைத் தனிப்பட்ட கணினிக்குள் கொண்டுவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறின. கலீலி வாழ்நாளில் செய்த வேலை நொடியில் முடிகிற காலம் வந்தது. இணையப் பக்கங்களில் அட்டவணை அமைப்பதற்கான முன்மொழிவு 1996இல் வந்தது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4இல் ஒரு நல்ல ஏற்பாடும் சேர்ந்தது. எந்தக் கட்டம் தலைப்பு, அது நிரைக்கா நிரலுக்கா என்று குறிக்க வழி செய்தார்கள். அப்படிக் குறித்திருந்தால், பார்வையற்ற ஒருவருக்குத் திரைவாசிப்பான் வெறும் ‘62’ என்று சொல்லாமல், எந்தப் பாடம், யாருடைய 62 என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

கணிப்பு இவ்வளவு இலேசான பிறகு வாசகரின் வேலையும் இலேசாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. நான் அறிந்த ஒரு பாடசாலையில் புள்ளிகளைப் பதிய ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். 42 பிள்ளைகள், 11 பாடங்கள். பத்தாவது பிள்ளைக்குக் கீழே போனதும் தலைப்பு வரி மேலே மறைந்து விடும். வலப்பக்கம் தள்ளினால் பெயர் மறைந்து விடும். கடைசியில் நிற்பது பெயரும் பாடமும் இல்லாத எண் காடு. ஆசிரியை ஒருவர் கணினித் திரையில் அடிமட்டத்தை வைத்துப் பிடித்துக்கொண்டுதான் பதிந்தார். “சேர், இதுக்குக் கொப்பியில எழுதுறது லேசு” என்றார். ஒரு பிள்ளையின் விஞ்ஞானப் புள்ளி பக்கத்துப் பிள்ளைக்குப் போய், அறிக்கை வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிய வந்தது. வாப்பாவிடம் ஏச்சு வாங்கியது அந்தப் பிள்ளை.

பழைய பிரதிகளில் ஒவ்வொரு புதுப் பக்கத்திலும் தலைப்பை மீண்டும் எழுதினார்கள். திரை பக்கமாக இல்லாமல் சுருளாக ஓடுவதால் அந்தப் பழக்கம் தொலைந்தது. தலைப்பு வரியையும் பெயர் நிரலையும் அசையாமல் நிறுத்தி வைக்க இன்று வழி இருக்கிறது. ஒரே அகல இலக்கங்களும் பல எழுத்துருக்களில் இருக்கின்றன. தெரிவு செய்தால் போதும். 63.333333 என்று திரை நிரம்ப எழுதத் தேவையில்லை. கலீலி பாகையும் கலையும் தந்து நிறுத்தினார். வாசகருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கடுங்கறுப்பில் எல்லாக் கட்டத்துக்கும் வேலி அடிக்கவும் தேவையில்லை. மெல்லிய கோடு, அல்லது ஐந்து வரிக்கு ஒரு சிறு இடைவெளி கண்ணுக்குப் போதும்.

கையடக்கத் தொலைபேசியில் வேறொரு சிக்கல். சிறிய திரைக்குள் அடக்குவதற்காக ஒவ்வொரு நிரையையும் தனித் தனி அட்டையாக உடைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு விடுகிறார்கள். ஒருவருடைய விபரத்தைப் பார்க்க அது வசதி. இருவரை ஒப்பிட முடியாது. இத்தாலியப் பிரபுக்களின் ஓவியப் பிரதிக்கு நடந்தது இதுதான். ஒப்பிட வேண்டிய விடயமானால் முக்கியமான மூன்று நான்கு நிரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கி வைப்பது மேல்.

இதெல்லாம் கணினிக்காரரின் பாடு என்று நாம் விட்டு விட முடியாது. எமது பள்ளிவாசல்களில் ஒவ்வொரு வருடமும் தொழுகை நேர அட்டவணை வருகிறது. சுவரில் தொங்குகிறது, நோன்பு வந்தால் வட்ஸ்அப்பில் படமாகப் பறக்கிறது. 30 நாள், ஆறேழு நிரல், சுற்றிவர விளம்பரம், பின்னணியில் கஃபாவின் படம். வயதான ஓர் உம்மா இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தால் எண் தெரியும், தலைப்பு தெரியாது. எது மஃரிப், எது இஷா என்பது ஊகம். ஸஹர் முடிவுக்கும் சூரிய உதயத்துக்கும் உரிய நிரல்கள் பக்கத்துப் பக்கத்தில். அங்கே கண் ஒரு நிரல் தள்ளினால் ஒரு நோன்பின் காரியம்.

அடுத்த வருட அட்டவணை அச்சுக்குப் போகு முன் நிர்வாக சபையில் உள்ளவர்கள் ஒரு காரியம் செய்யலாம். மாதிரிப் பிரதியை வீட்டிலுள்ள மிக வயதான ஆளிடம் கொடுத்து, “17ஆம் நோன்புக்கு எத்தனை மணிக்கு நோன்பு திறக்கிறது?” என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று விரலால் காட்டிக் கொடுக்காதீர்கள். அவருடைய விரல் எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் பின்னணிப் படத்தை எடுங்கள், விளம்பரத்தைக் கீழே தள்ளுங்கள், தலைப்பை மீண்டும் ஒருமுறை போடுங்கள். ஜீமின் வாலை வெட்டிய அந்தப் பெயர் தெரியாத எழுத்தர்கள் செய்ததும் இந்த வேலைதான்.